பீர் முஹம்மதுவின் பன்னிரண்டு எழுத்துகள்

மார்பளவு உயரம், இரும்புத் தகடு, விளிம்பு முழுக்க மஞ்சள் பல்பு. அப்படிப்பட்ட ஆங்கில எழுத்துகளை மேடையில் நிறுத்தி, மாப்பிள்ளை பெண் பெயரை ஊரே பார்க்கும்படி எரியவிடும் வழக்கம் சென்னைக்கு யாரால் வந்தது என்று கேட்டால், மயிலாப்பூரில் ஒருவர் எழுந்து நின்று தன் மார்பைத் தொட்டுக் காட்டுவார். அவர்தான் பீர் முஹம்மது. அவருக்கு முன்னால் வேறு யாரும் செய்யவில்லையா? செய்திருக்கலாம். ஆனால் அவர் எழுத்து எரிகிற மாதிரி எவன் எழுத்து எரிந்தது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பிறந்தது திருவல்லிக்கேணி. நாலாம் வகுப்பு முடிவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டுவிட்டு, மைக் செட்டும் சீரியல் செட்டும் வாடகைக்கு விடுகிற கடையில் ஒயர் சுற்றப் போனவர். ஷாக் அடித்து அடித்தே கரண்டைப் படித்தார். அப்பன் விட்டுப்போன சொத்து என்று ஓர் ஆணிகூடக் கிடையாது. இன்றைக்கு லஸ் பக்கத்துச் சந்தில் சொந்த குடோன், அதற்கு மேலே சொந்த வீடு, பி.காம். முடித்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளும் மகள் ஆயத். அவரிடம் பேச்சுக் கொடுத்தால் முதல் கிளாஸ் டீ ஆறுவதற்குள் இவ்வளவும் தெரிந்துவிடும். இரண்டாவது கிளாஸுக்கு நின்றால் மறுபடியும் தெரியும்.

அவர் வெட்டிய முதல் எழுத்துகள் திருவல்லிக்கேணியில் குலாம் முகம்மது என்பவரின் டீக்கடைக்கு. மேன்ஷன்களில் தங்கியிருந்த பிரம்மச்சாரிப் பையன்கள் இருட்டிலும் கடையைக் கண்டுபிடிக்கவேண்டும், இங்கிலீஷில் எரிகிற மாதிரி ‘ஃப்ரெஷ் டீ’ என்று வேண்டும் என்றார் குலாம் முகம்மது. பீர் முஹம்மதுவுக்கு அப்போது மீசை அரும்பவில்லை. “அதுக்கென்ன பாய், நாளைக்கே!” என்று சொல்லிவிட்டார். ஓர் எழுத்துகூடத் தெரியாது. மேன்ஷன் பையன் ஒருவனைச் சிமென்ட் சாக்கில் எழுதித்தரச் சொல்லி, அதை அப்படியே எண்ணெய் டின்னில் வெட்டி, பல்பு சொருகி மாட்டினார். எஸ் எழுத்து இடம்வலமாகத் திரும்பி வளைந்து நின்றது. யாரும் கேட்கவில்லை. டீ விற்றுத் தீர்ந்தது. குலாம் முகம்மது உயிரோடு இருந்தவரை பீர் முஹம்மதுவிடம் டீக்குக் காசு வாங்கியதில்லை.

எழுத்தின் பெயர் தெரியாததால் அன்றைக்கு அவராகவே பெயர் வைத்தார். இ எழுத்து சீப்பு. எஃப் உடைந்த சீப்பு. எஸ் பாம்பு. எச் ஏணி, ‘என்’ கோணல் ஏணி. ஏ கூடாரம், டி குடை, இசட் மின்னல். காலை நீட்டிக்கொண்டு நிற்கும் ஆர் எழுத்துக்கு நீட்டுக்கால். பிறகு இருபத்தாறு எழுத்தையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். ஆனாலும் குடோனில் அந்தப் பெயர்கள்தான் நிலைத்தன. டெம்போ ஓட்டும் காதரும், ஏற்றி இறக்கும் ஆட்களும் அதைத்தான் பேசுவார்கள். “ரெண்டு கூடாரம், ஒரு பாம்பு எடுத்து வுடு” என்றால் வேலை நடக்கும். வெளியாள் கேட்டால் சர்க்கஸ் கம்பெனி என்று நினைப்பான்.

சுமை ஏற்றி அனுப்பியபின் சுவரில் மாட்டியிருக்கும் மிச்ச எழுத்துகளைப் பார்த்து, அதில் என்ன வார்த்தை ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவருக்கும் ஆயத்துக்கும் தினசரி ஆட்டம். ஆயத் டிக்‌ஷனரியை மனத்தில் புரட்டிக் கண்டுபிடிப்பாள். அவர் வேறு வழி. இத்தனை வருஷத்தில் எந்தெந்த மேடையில் எந்தெந்த எழுத்து தோளோடு தோள் நின்றது என்பது அவருக்கு முகங்களைப் போல ஞாபகம் இருக்கும். ஒருமுறை ஜவுளிக்கடைத் திறப்புவிழாவுக்கு ‘கிராண்ட் ஓப்பனிங்’ கேட்டார்கள். ஜி எழுத்துகள் வேறு விசேஷத்துக்குப் போயிருந்தன. ‘ஓப்பன்’ என்று மட்டும் நட்டுவைத்துவிட்டு வந்தார். “தொறந்துட்டான்னு தெரிஞ்சா பத்தாதா? கிராண்டா இல்லியான்னு உள்ள போனவன் சொல்லட்டும்!” என்றார். கடைக்காரர் அசந்துபோனார்.

பீர் முஹம்மதுவிடம் எழுத்து இல்லை என்ற பேச்சே இல்லை. அவர் மேடை வெறுமையாக நின்றதில்லை. இதுதான் அவர் பெருமை, இதுதான் அவர் பிழைப்பு.

அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்தது ஐப்பசி மாதத்து ஒரு சனிக்கிழமை.

அடையாறில் ஒரு விசேஷ ஹால். அதன் மேலாளர் டெல்பின், சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்மணி, கறாரானவர். இனி வருஷம் முழுக்க அந்த ஹாலில் நடக்கிற எல்லா விசேஷத்தின் மேடை விளக்கையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று அவர் முடிவெடுத்திருந்தார். போட்டியில் இரண்டு பேர். ஒருவர் பீர் முஹம்மது. இன்னொருவர் சைதாப்பேட்டை பஞ்சாட்சரம். அவரிடம் எழுத்து கிடையாது, எல்இடி திரை உண்டு. பெயரைத் தட்டினால் திரையில் பறந்து வந்து உட்காரும், ரோஜாப்பூ கொட்டும்.

“சனிக்கிழமை இக்னேஷியஸ் அங்கிள், லூயிசா ஆன்ட்டியோட ஐம்பதாவது கல்யாண நாள். மேடை பாய்க்கு. அது எரியுறதைப் பாத்துட்டு முடிவு சொல்றேன்” என்றார் டெல்பின்.

பீர் முஹம்மது முடிவுக்காகக் காத்திருக்கிற ஆளா? அன்றைக்கே லஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். பள்ளிவாசலில் சொன்னார், பிரியாணிக் கடையில் சொன்னார், பால்காரரை நிறுத்திச் சொன்னார். தெருவுக்கே விருந்து என்றும் வாய்விட்டுவிட்டார். “இன்னும் குடுக்கவே இல்லியே அத்தா” என்றாள் ஆயத். “குடுக்காம எங்க போவாங்க?” என்றார்.

அதே சனிக்கிழமை சைதாப்பேட்டையில் ஒரு நிக்காஹ் வரவேற்பு. மாப்பிள்ளை ஃபராஸ், பெண் தஹ்சீன். அது இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு. அடையாறு விசேஷமோ ஆறு மணிக்கு. ஆனால் முன்பதிவு செய்தவர்கள் நிக்காஹ் வீட்டார்தான். முதலில் சொன்னவருக்கு முதலில் எழுத்து இறங்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். ஆகவே டெம்போவில் அடையாறு எழுத்துகளை உள்ளே தள்ளி, சைதாப்பேட்டை எழுத்துகளை வாசல் பக்கம் ஏற்றினார்கள். எல்லாம் பழைய போர்வையில் சுற்றிய மூட்டைகள். வெளியிலிருந்து பார்த்தால் பாம்பும் ஒன்றுதான், ஏணியும் ஒன்றுதான்.

“மூட்டை மேல பேர் எழுதி ஒட்டிடட்டுமா அத்தா?”

“என் கண்ணுதான் லேபிள். போ, போய்ப் போனை எடு” என்றார் அவர்.

டெம்போ கிளம்பியது. பீர் முஹம்மது ஸ்கூட்டரில் அடையாறுக்குப் பறந்தார். ஹால் வாசலில் பஞ்சாட்சரத்தின் வேன் நின்றது. கூப்பிடாமலேயே வந்திருந்தான் ஆள்! வேனில் சாய்ந்து பல்குத்திக்கொண்டு, “இன்னா பாய், எழுத்து இன்னும் நடந்து வந்துகினு கீதா?” என்றார்.

பீர் முஹம்மதுவுக்குச் சுருக்கென்றது. உடனே போனை எடுத்தார். “காதரு, சைதாப்பேட்டை அப்பால பாத்துக்கலாம். நேரா அடையாறு வா. வாசல்ல ஒருத்தன் வாயத் தொறந்துகினு நிக்கிறான், அவன் பாக்க எறக்கணும்.”

காதர் வந்தார். ஆட்கள் மளமளவென்று வாசல் பக்கத்து மூட்டைகளை இறக்கினார்கள். பஞ்சாட்சரம் பார்க்கப் பார்க்க, பீர் முஹம்மது கையை ஆட்டி ஆட்டி மேற்பார்வை செய்தார். டெம்போ சைதாப்பேட்டைக்குப் போனது. மேடையில் பூ அலங்காரம் முடியாததால் மூட்டைகளைப் பிரிக்கவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையில்லை, வானத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கிப்போன மாதிரி.

பூக்காரர்கள் இறங்கியதும் முதல் போர்வையை அவரே உருவினார். மின்னல்.

மின்னலா? இக்னேஷியஸ் பெயரில் மின்னல் எங்கே இருக்கிறது? லூயிசாவில்?

இரண்டாவதை உருவினார். உடைந்த சீப்பு. மூன்றாவது ஏணி.  இங்கே இறங்கவேண்டியது வண்டிக்குள்ளேயே போய்விட்டது, வாசல் பக்கம் இருந்தது இங்கே இறங்கிவிட்டது. வண்டியின் வழியை மாற்றியவர் அவர். வரிசை மாறும் என்பதை மறந்தவரும் அவர். மேடைமீது பன்னிரண்டு எழுத்துகளும் வரிசையாக நின்றன: ஃபராஸ் தஹ்சீன்.

போன் போட்டார். “காதரு, எங்க கீற?”

“சின்னமலைகிட்ட மாட்டிக்கினேன் பாய்! ரோடு ஃபுல்லா தண்ணி. முன்னால போவ முடியல, திருப்பவும் முடியல. பஸ்சே நீஞ்சிக்கினு கீது!”

டெல்பின் வந்து மேடையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “யாரு பாய் இந்த ஃபராஸ்?”

“நல்ல பையன் மேடம். சைதாப்பேட்டை” என்றார் பீர் முஹம்மது. வேறு என்ன சொல்வது?

பஞ்சாட்சரம் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். “மேடம், ஸ்கிரீன் வேன்லயேதான் கீது. சொன்னா பத்து நிமிஷம். ரோஜாப்பூவும் கொட்டும்.”

விழாவை ஏற்பாடு செய்திருந்த மகன் லாய்ட் ஓடிவந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்தான். “ஆறு மணிக்கு அப்பாவும் அம்மாவும் சுவிட்சைத் தட்டணும், பேர் எரியணும், கேக் வெட்டணும். இதான் பிளானே. இப்ப என்ன அங்கிள் பண்றது?”

பீர் முஹம்மது எழுத்துகளைப் பார்த்தார். பஞ்சாட்சரத்தைப் பார்த்தார். லஸ்ஸில் பால்காரர் கேட்கப்போவதைக் காதில் கேட்டார். மார்பை நிமிர்த்தினார்.

“தம்பி, பேரு வர்றப்ப வரட்டும். இந்தப் பன்னெண்டுல ஒங்க அப்பா அம்மாவுக்குன்னு ஒரு வார்த்த ஒளிஞ்சிகினு கீது. அத்த வெளிய இஸ்துடலாம். என்னாண்ட எழுத்து இல்லன்னு எவனும் சொன்னதில்ல!”

லாய்ட் சட்டென்று போனை எடுத்தான். கையில் இருக்கிற எழுத்துகளைத் தட்டினால் அதில் அடங்குகிற வார்த்தைகளையெல்லாம் கொட்டுகிற இணையதளம் இருக்கிறதாம். பன்னிரண்டையும் தட்டினான். வார்த்தைகள் மழையாகக் கொட்டின. அதற்குள் முன்கூட்டியே வந்திருந்த விருந்தாளிகள் மேடையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பாதிப்பேர் ரிட்டயர் ஆன டீச்சர்கள். வார்த்தை விளையாட்டு என்றால் விடுவார்களா? நாற்காலிகள் இழுபட்டன. ஆளாளுக்குக் கை தூக்கினார்கள்.

“ஹார்ட்ஸ்!” என்று ஓர் அம்மா கத்தினார். ஆட்கள் ஏணி, சீப்பு, கூடாரம், நீட்டுக்கால், குடை, பாம்பு என்று வரிசையாக நிறுத்தினார்கள்.

டெல்பின் தலையை ஆட்டினார். “போன வாரம் நடந்த ரெண்டு விசேஷத்துலயும் ஹார்ட்தான். இவ்ளோ பெரிய மேடையில ஆறு எழுத்து, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரி போர்டுன்னு நினைப்பாங்க.”

“ஃபீஸ்ட்?”

“அதைப் பாத்ததும் எல்லாரும் சாப்பாட்டுப் பக்கம் ஓடிருவாங்க.”

“சேஃப்!”

“பீரோ கம்பெனி விழாவா இது?”

“ஷேர்!” என்றார் பஞ்சாட்சரம். அவரையும் ஆட்டம் இழுத்துக்கொண்டது. தூரத்திலிருந்தவர் எப்போது மேடையருகே வந்தார் என்று அவருக்கே தெரியாது.

“ஷேர் மார்க்கெட் மீட்டிங்குனு நெனைப்பானுங்க. நீ ஒன் ஸ்கிரீனப் பாருய்யா” என்றார் பீர் முஹம்மது.

போனைப் பார்த்து லாய்ட் உற்சாகமாகக் கத்தினான். “ஃபாதர் இருக்கு! எஃப், ஏ, டி, எச், இ, ஆர். எல்லாம் இருக்கு!”

“மதர் இருக்கா?” என்று கேட்டார் டெல்பின்.

எம் எழுத்து இல்லை. “அப்ப வேணாம். அப்பாவை மட்டும் போட்டா ஆன்ட்டி உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டாங்க.” கூட்டம் சிரித்தது. எழுத்துகள் இங்குமங்கும் நகர்ந்தன, பல்புகள் கிணுகிணுத்தன. ‘எர்னெஸ்ட்’ என்றார் ஒருவர். அது யார் வீட்டுப் பையன் என்றார் இன்னொருவர். ‘ஹேஸன்’, அதாவது அவசரப்படு. ‘ஃபாஸன்’, அதாவது மாட்டு. போன் சொன்ன வார்த்தைகளில் தப்பே இல்லை. ஆனால் ஒன்றுகூட அந்த வயதான ஜோடியின் வீட்டு வாசல்படி ஏறவில்லை.

ஆறு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. டெல்பின் வாசல் பக்கம் பார்த்தார். வேனைத்தான் பார்க்கிறார் என்று பீர் முஹம்மதுவுக்குப் புரிந்தது. 

அந்த நேரத்தில் ஹாலின் பின்கதவைத் திறந்துகொண்டு, கோட்டும் டையும் போட்ட உயரமான கிழவர் ஒருவர் தட்டோடு வந்தார். தட்டில் ஆவி பறக்கும் டம்ளர்கள். அவர்தான் விழா நாயகர் இக்னேஷியஸ்.

“சமையல்காரன் மத்தியானம் போட்ட டீயைச் சூடு பண்ணித் தர்றான்! மனுஷன் குடிப்பானா அதை? கொட்டிட்டு நானே போட்டேன். குடிங்க பாய். டீன்னா ஃப்ரெஷ் டீ!”

“அப்பா, இன்னிக்கு உங்க ஜூபிலிப்பா! உள்ள போய் உக்காருங்க” என்று லாய்ட் கெஞ்சினான். கூட்டத்தில் இருந்த அம்மா ஒருவர் பீர் முஹம்மதுவிடம் குனிந்து சொன்னார்: “கல்யாணமான மறுநாளேர்ந்து லூயிசாவுக்குக் காலம்பற முதல் டீ இவர்தான். அவ பிரசவத்துக்குப் படுத்திருந்தப்ப, நர்ஸ் திட்டத் திட்ட ஸ்டவ்வைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே போன மனுஷன். எங்க சர்ச் பங்குல சின்னப் பசங்க இவருக்கு வெச்ச பேரே வேற.”

“இன்னா பேரு?”

“ஃப்ரெஷ் டீ தாத்தா.”

பீர் முஹம்மது டீயை வாயில் வைத்தார். நாக்கு சுட்டது. சுட்ட அந்த நொடியில் எண்ணெய் டின் வாசனை மூக்கில் ஏறியது. சிமென்ட் சாக்கு, கத்தரிக்கோல், குலாம் முகம்மதுவின் கடை வாசல், திரும்பி நின்ற பாம்பு!

டம்ளரைப் பக்கத்திலிருந்த பஞ்சாட்சரத்தின் கையில் திணித்தார். “இத்தப் புடி!”

மேடை மேல் தாவினார். வயது அறுபத்தெட்டு என்பதை முட்டி ஞாபகப்படுத்தியது. அதை அவர் காதில் வாங்கவில்லை. “ஒடஞ்ச சீப்பு! நீட்டுக்கால்! சீப்பு! பாம்பு! ஏணி! மேல் வரிசைல அஞ்சும் வை. கீழ குடை, இன்னொரு சீப்பு, கூடாரம்! சீக்கிரம்டா!” ஆட்கள் ஓடினார்கள். தன் கையால் முதன்முதல் வெட்டிய எட்டு எழுத்துகள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாது.

எட்டும் நின்றதும் பஞ்சாட்சரம் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார். “பாய் அடையாறுல டீக்கடை தொறக்கப் போறாருடோய்!”

டெல்பினின் முகம் சிவந்தது. “பாய், இது கோல்டன் ஜூபிலி. விளையாட்டு இல்ல.”

“அங்கிள்...” என்று ஆரம்பித்தான் லாய்ட். பிறகு நிறுத்தினான். ஹாலின் கடைசியில் அவன் அப்பா, டை முனை சட்டைப் பாக்கெட்டில் சொருகியிருக்க, பூக்காரருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். லாய்ட் எழுத்துகளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். 

“இருக்கட்டும். ஸ்டேஜ் கர்ட்டனை மூடுங்க. அப்பா பாத்துடப் போறாரு” என்றான்.

டெல்பின் இரண்டு கையையும் விரித்தார். “உங்க வீட்டு விசேஷம், உங்க இஷ்டம். ஆனா பாய், நான் மேடையைப் பாத்துத்தான் முடிவு சொல்வேன்னு சொல்லியிருக்கேன்.”

திரை மூடியது. மிச்சமிருந்த நாலு எழுத்துகளைப் பின்னாலிருந்த சாமான் அறைக்குத் தூக்கிப்போய்ச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்தார் பீர் முஹம்மது. ஆயத்துக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினார்.

“மிச்சம் என்ன அத்தா இருக்கு?” என்று பழக்கதோஷத்தில் கேட்டாள் அவள்.

“கூடாரம், மின்னல், கூடாரம், கோணல் ஏணி.”

“அத்தா, வரிசையை மாத்தாதீங்க. அப்படியே படிங்க. ஏ, இசட், ஏ, என்.”

அவர் உதட்டை அசைத்துப் படித்தார். அஸான், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு.

ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. எங்கிருந்தோ, ஈரக்காற்றில் ஏறி, மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு வந்தது. பீர் முஹம்மதுவுக்கு உடம்பு சிலிர்த்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மைக்கில் லாய்ட்டின் குரல், “டாடி, மம்மி, மேடைக்கு வாங்க.” தன் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய மேடை இன்னும் சில நிமிஷத்தில் எரியப்போகிறது. அதைப் பார்க்கவேண்டிய முதல் கண் அவருடையது. ஆனாலும் அவர் குழாயடியில் கை, கால், முகம் கழுவி ஒளு செய்துகொண்டு, ஒரு சுத்தமான போர்வையை விரித்து நின்றார்.

கதவுக்கு அப்பால் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணினார்கள். அவர் குனிந்தார். ஒன்று என்றார்கள். பிறகு எதுவுமே கேட்கவில்லை.

கைதட்டல் இல்லை, பேச்சு இல்லை. அவர் நெற்றி தரையில் இருந்தது. அந்த அமைதி எவ்வளவு நேரம் நீண்டதோ, அவருக்கு ஒரு மழைக்காலம் முழுக்க நீண்டது.

அப்புறம் வெடித்தது. ஹால் கூரை பறந்துவிட்டதோ என்கிற மாதிரி சிரிப்பு! அதற்கு மேலே விசில், மேஜையைத் தட்டுகிற சத்தம். பீர் முஹம்மதுவின் கால்கள் ஓடத் துடித்தன. அவர் ஓடவில்லை. தொழுகையை முடித்து, வலமும் இடமும் சலாம் கொடுத்த பிறகுதான் எழுந்தார். எழுவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது யார்? பஞ்சாட்சரம்! கையில் இன்னும் அந்த டீ டம்ளர்.

“பாய், இன்னா பண்ணிட்டே நீ! அந்தம்மா அப்பிடியே நின்னுடுச்சு. கையால வாயப் பொத்திக்கினு பாக்குது, பாக்குது, பாத்துக்கினே கீது. அப்பால அந்தாள் மைக்க வாங்கி, ‘சரி, யாருக்கெல்லாம் டீ வேணும்?’னு கேட்டாரு பாரு! மொத்த ஹாலும் கைய தூக்கிச்சு. நானும் தூக்கிட்டேன்!”

மேடையில் லூயிசா மைக்கைப் பிடித்திருந்தார். குட்டையான உருவம், பட்டுப்புடவை, சிரிப்பில் குலுங்கும் தோள். “அம்பது வருஷத்துல எனக்கு வைரம் வாங்கித் தந்ததில்ல. ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு, இன்னும் போய்க்கிட்டே இருக்கோம். ஆனா ஒரு நாள்கூட ஆறின டீ தந்ததில்ல. இதை எழுதணும்னு யாருக்குத் தோணிச்சோ, அவங்க வரட்டும் மேடைக்கு.”

பீர் முஹம்மது போகாமல் இருப்பாரா! தொழுகையில் கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடு மேடைக்கே போனார். இக்னேஷியஸ் கட்டிக்கொண்டார். எட்டு எழுத்துகளுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள வரிசை கேக் மேஜையைச் சுற்றி வளைந்து போனது.

படம் எடுக்கும் கூத்து நடக்கும்போதே காதர் முட்டிவரை நனைந்து ஓடிவந்தார். “எப்பிடியோ திருப்பிட்டேன் பாய்! இக்னேஷியஸ் லூயிசா வந்தாச்சு! எறக்கட்டுமா?”

“பேர் எங்களுக்குத் தெரியும். அது வேணாம். இது இருக்கட்டும்” என்றார் லூயிசா.

“இருக்கட்டும்னு எனக்கும் ஆசதாம்மா. ஆனா இது பூரா சைதாப்பேட்டை மாப்பிள்ளை பொண்ணோடது. ராத்திரிக்குள்ள அந்தப் பையன் பேரு எரியலன்னா பொண்ணு வீட்டுல சும்மா வுடுவாங்களா?”

லூயிசா அரைமனதாகத் தலையசைத்தார். பெயர் எழுத்துகள் மேடை ஏறின. பன்னிரண்டும் மறுபடி போர்வைக்குள் போயின. காதர் இந்தமுறை தண்ணீர் வடிந்த பாதை பிடித்து இஷாவுக்கு முன்பே சைதாப்பேட்டை சேர்ந்துவிட்டார். அங்கே ஃபராஸ் தஹ்சீன் ஒரு பல்புகூடக் குறையாமல் எரிந்தது.

கிளம்பும்போது டெல்பின் வாசலில் நின்றிருந்தார். பீர் முஹம்மது கேட்கவில்லை. கேட்டுப் பெறுகிற ஆள் இல்லை அவர். ஸ்கூட்டரை மட்டும் மெதுவாக உதைத்தார், மிக மெதுவாக.

“பாய், தப்பான எழுத்தைக் கொண்டுவந்தே இப்படிப் பண்றீங்க. சரியான எழுத்தைக் கொண்டுவந்தா என்ன பண்ணுவீங்களோ. வருஷம் முழுக்க நீங்களே பாத்துக்குங்க. ஆனா ஒண்ணு, வண்டி வழியை நடுவுல மாத்தினா எனக்குச் சொல்லணும்.”

“இத்த நான் போன வாரமே லஸ்ல சொல்ட்டேன் மேடம்!” என்றார் அவர். ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பியது.

தெருவுக்கு விருந்து நடந்தது. பஞ்சாட்சரமும் வந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். அங்கே பீர் முஹம்மது திரை விலகியதையும், லூயிசா வாயைப் பொத்திக்கொண்டதையும், இக்னேஷியஸ் மைக்கை வாங்கியதையும் கண்ணால் பார்த்த மாதிரியே சொன்னார். நேரில் பார்த்திருந்த பஞ்சாட்சரமே அசந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தபின் அவர் மகளிடம் வந்தார். “மூட்டைக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டிடு.”

ஆயத் சிரித்தாள். “உங்க கண்ணுதானே அத்தா லேபிள்?”

“கண்ணு நல்லாத்தான் கீது. காதருக்குத்தான் ஒதவும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கூடாரம், பாம்புன்னே எழுது. ஏபிசிடி போட்டு அவன கொழப்பிடாத.”